ரேமைக் கூட்டுவது சுலபம், கழிப்பது? – வாசகர் கேள்வி பதில்

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேமைக் கூட்டுவது, எடுப்பது, இரண்டையும் சேர்த்து மெமரி ஹாட்பிளக் என்கிறார்கள். லினக்ஸ் கர்னல், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி, இதை எப்படிச் செய்கிறது என்று போன இதழில் ஒரு பதிலின் நடுவே நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேஜையை நிறைத்திருக்கின்றன, அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

ஹாட்பிளக் மெமரி என்றால் லேப்டாப் ஓடும்போதே பின்மூடியைக் கழற்றி ரேம் செருகலாமா? பென்டிரைவ் மாதிரி?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள். யுஎஸ்பி முனையை ஓடும்போது செருகுவதற்காகவே வடிவமைத்தார்கள், அதில் மின்சாரம் போகும் பின்கள் மற்றதைவிடச் சற்று நீளம், அவைதான் முதலில் தொடும். லேப்டாப்பின் ரேம் ஸ்லாட்டில் அப்படி ஓர் ஏற்பாடும் கிடையாது. ரேமும் போகலாம், போர்டும் போகலாம்.

உண்மையாகவே ரேமைக் கழற்றி மாட்டக்கூடிய மெஷின்கள் இருக்கின்றன, ஆனால் அவை அதற்கென்றே கட்டப்பட்ட பெரிய சர்வர்கள். ஐபிஎம் பவர் மெஷின்களில் ஒரே பெட்டியைப் பல லாஜிக்கல் பார்ட்டிஷன்களாகப் பிரித்து, ஒன்றிடமிருந்து மெமரியை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பார்கள். மெயின்ஃபிரேமிலும் ஸ்டாண்ட்பை மெமரி என்று ஒதுக்கி வைத்து வேண்டும்போது இறக்குவார்கள். இன்றைக்கு அதிகம் பார்ப்பது விர்ச்சுவல் மெஷின்களில்தான், ஒரு நிஜ மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் மெஷின்கள், சுருக்கமாக விஎம். அங்கே யாரும் ஸ்க்ரூடிரைவர் எடுப்பதில்லை, அவற்றை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர் "இந்தா, இன்னொரு 8 ஜிபி" என்று சொல்கிறது, உள்ளே இருக்கும் கர்னல் நிஜமாகவே ஒரு ரேம் பட்டை வந்து உட்கார்ந்த மாதிரி நடந்துகொள்கிறது. லினக்ஸில் இந்த வசதி 2005-ன் கடைசியில், 2.6.15 வரிசையில் கர்னலுக்குள் வந்தது.

8 ஜிபி விஎம் ஒன்றுக்கு ஓடும்போதே இன்னொரு 8 ஜிபி கொடுத்தேன். ஹைப்பர்வைசர் 16 என்று காட்டுகிறது. உள்ளே ஃப்ரீ கமாண்ட் போட்டால் பழைய 8 தான். ரீபூட் செய்தால் 16 வந்துவிடுகிறது. இது கர்னல் பிழையா?
– சிஸ்டம் அட்மின், சென்னை

பிழை இல்லை. இதே இடத்தில் நானும் ஒரு ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டிருந்தேன், முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், டேட்டாபேஸ் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது. மெமரி கொடுத்தாயிற்று, ஏன் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று ஹைப்பர்வைசர் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். கர்னலைப் பொறுத்தவரை இது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் வேலை, சேர்த்தல். புதிய மெமரி எந்த முகவரியில் இருக்கிறது என்று கர்னல் பதிந்துகொள்கிறது, அதை எட்டுவதற்கான பேஜ் டேபிள்கள் என்ற முகவரி அட்டவணைகளை அமைக்கிறது, ஒவ்வொரு பேஜுக்கும், அதாவது மெமரியின் ஒவ்வொரு 4 கேபி துண்டுக்கும், ஒரு சிறு குறிப்பேடு திறக்கிறது. அவ்வளவுதான். இன்னும் ஒரு பைட் கூட யாருக்கும் கிடைக்காது. இரண்டாவது வேலை, ஆன்லைன் ஆக்குவது. அப்போதுதான் அந்தப் பேஜ்கள், கேட்பவருக்கு மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் பட்டி அலோகேட்டரின் கையில் போய்ச் சேரும், ஃப்ரீ கமாண்டின் மொத்தக் கணக்கும் அப்போதுதான் ஏறும். நிலம் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டா இன்னும் மாறவில்லை. உங்கள் விஎம் அந்த நிலையில்தான் நிற்கிறது.

கர்னல் தன் நிலையை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் டிவைசஸ், அதற்குள் சிஸ்டம், அதற்குள் மெமரி என்று போனால் மெமரி0, மெமரி1 என்று வரிசையாக டைரக்டரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பிளாக், அதாவது மெமரியின் ஒரே அளவான ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் ஸ்டேட் என்ற ஃபைல், அதில் ஆன்லைன் அல்லது ஆஃப்லைன் என்று எழுதியிருக்கும். ஆஃப்லைனில் இருப்பதில் ஆன்லைன் என்று எழுதினால் முடிந்தது. நாற்பது, ஐம்பது பிளாக்கைக் கையால் செய்ய வேண்டாம், யுடில்-லினக்ஸ் தொகுப்பில் எல்எஸ்மெம், சிஎச்மெம் என்று இரண்டு கமாண்ட் இருக்கின்றன, முதலாவது எதெது எந்த நிலையில் இருக்கிறது என்று மொத்தமாகக் காட்டும், இரண்டாவது மாற்றித் தரும்.

அப்புறம், அதே டைரக்டரியில் ஆட்டோ ஆன்லைன் பிளாக்ஸ் என்றொரு ஃபைல் இருக்கிறது. அதில் ஆஃப்லைன் என்று இருந்தால் புதிதாக வருவது எதுவும் தானாக விழிக்காது. டிஸ்ட்ரிப்யூஷனுக்கு டிஸ்ட்ரிப்யூஷன் இது மாறும், சிலவற்றில் புதிய சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற புரோகிராமின் விதி ஒன்று அந்த வேலையைச் செய்யும். கர்னலே தானாக ஆன்லைன் ஆக்கும் வசதி 2016-ல் வந்தது, அதற்குக் காரணமும் உண்டு. ஏற்கெனவே மெமரி இல்லாமல் தவிக்கும் மெஷினுக்குத்தான் நாம் மெமரி கொடுக்கிறோம், அந்த நேரத்தில் யூடெவ் தன் வேலையைச் செய்யக்கூட மெமரி இல்லாமல் போய்விட்டால்?

இன்னொரு இடத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிளாக்கின் அளவைச் சொல்லும் ஃபைலைத் திறந்தால் 8000000 என்று இருக்கும். 80 லட்சம் பைட், அதாவது சுமார் 8 எம்பி என்று நினைத்துவிடாதீர்கள். அது பதினாறடிமான எண். நம் கணக்கில் 13,42,17,728 பைட், சரியாக 128 எம்பி. எக்ஸ்86 மெஷின்களில் வழக்கமான அளவு இதுதான், ரேம் அதிகமுள்ள பெரிய மெஷின்களில் 2 ஜிபி வரை போகும். டைரக்டரியின் பெயரோ பதின்ம எண்ணில் இருக்கும்: மெமரி32 என்பது 33-வது பிளாக், 128 எம்பி அளவென்றால் சரியாக 4 ஜிபி முகவரியில் தொடங்குகிறது. ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் ஃபிஸ் இண்டெக்ஸ் ஃபைலைப் பார்த்தால் 00000020 என்று இருக்கும், அது மறுபடியும் பதினாறடிமானம். ஒரே பொருளுக்கு வெளியே ஒரு எண்முறை, உள்ளே ஒரு எண்முறை. இப்போது மாற்றவும் முடியாது, அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் உடைந்துவிடும்.

கூட்டிய மெமரியைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறேன். ஸ்டேட் ஃபைலில் ஆஃப்லைன் என்று எழுதினால் சில பிளாக் உடனே போகிறது, சிலவற்றில் 'டிவைஸ் பிசி' (வேலையாக இருக்கிறது) என்று வருகிறது, ஒன்றிரண்டில் கமாண்ட் திரும்பி வரவே இல்லை. என்ன தவறு செய்கிறேன்?
– புதுச்சேரி வாசகர்

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அது கட்டளை மாதிரி தெரிகிறது, ஆனால் உண்மையில் அது ஒரு வேண்டுகோள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் ஹாட்பிளக்கில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு பிளாக்கைக் காலி செய்ய வேண்டுமென்றால் அதில் இருக்கிற ஒவ்வொரு பேஜையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். உங்கள் பிரவுசரின் டேட்டா அங்கே இருந்தால் பிரச்சினை இல்லை. பிரவுசருக்குத் தெரிந்தது மெய்நிகர் முகவரி மட்டும்தான், அது நிஜத்தில் எந்த ரேம் பட்டையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கர்னல் அந்தப் பேஜை வேறு இடத்தில் நகலெடுத்து, பேஜ் டேபிளில் ஒரு வரியைத் திருத்திவிட்டால் போதும், பிரவுசருக்கு எதுவும் நடந்ததே தெரியாது. வாடகைக்கு இருப்பவர் மூட்டை கட்டி அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி.

கர்னல் தனக்காக எடுத்துக்கொண்ட பேஜ்கள் அப்படி இல்லை. அவற்றைக் கர்னலின் பல பகுதிகள் நேரடி முகவரியாகவே பிடித்து வைத்திருக்கும். யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் எங்கும் கிடையாது. சுவரில் பதித்துக் கட்டிய அலமாரி மாதிரி, வீட்டை இடிக்காமல் எடுக்க முடியாது. 128 எம்பி பிளாக்கில் 4 கேபி பேஜ்கள் 32,768 இருக்கின்றன. அதில் ஒரே ஒரு பேஜ் இப்படிப் பதிந்துவிட்டால் போதும், மொத்த பிளாக்கும் நகராது. உங்களுக்கு வந்த 'பிசி' பெரும்பாலும் அதுதான். கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜில் பாருங்கள், எந்தப் பேஜ் தடுத்தது, 'அன்மூவபிள் பேஜ்' என்பதா, 'மைக்ரேஷன் ஃபெயிலியர்' என்பதா என்று காரணத்தோடு பதிவு விழுந்திருக்கும்.

கர்னல் மெமரியை ஜோன் என்ற பகுதிகளாகப் பிரித்து வைக்கிறது. இதற்கு உதவும்படி 2007-ல் மூவபிள் ஜோன் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த ஜோனில் நகர்த்தக்கூடிய பேஜ்களுக்கு மட்டும்தான் இடம், கர்னலின் சொந்தச் சாமான்களை அங்கே வைப்பதில்லை. நீங்கள் பிளாக்கை ஆன்லைன் ஆக்கும்போது வெறுமனே ஆன்லைன் என்று எழுதியிருப்பீர்கள், அப்படி எழுதினால் எந்த ஜோன் என்பதைக் கர்னலே முடிவு செய்யும், வழக்கமான அமைப்பில் பெரும்பாலும் நார்மல் ஜோனில் போய்விடும். திரும்ப எடுக்க வேண்டிய மெமரி என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆன்லைன் மூவபிள் என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது நார்மலில் உட்கார்ந்துவிட்ட பிளாக்குகளுக்கு ரீபூட்தான் வழி, வேறு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை.

சரி, மூவபிள் ஜோனில் போட்டால் எடுப்பது நிச்சயமா? அதுவும் இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுத்த கிராஃபிக்ஸ் கார்டு, ஆர்டிஎம்ஏ நெட்வொர்க் கார்டு மாதிரி சாதனங்கள் ஒரு பேஜில் நேராக எழுதிக்கொண்டிருக்கும், அந்தப் பேஜை நகர்த்தினால் சாதனம் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். அதனால் நீண்ட காலம் நகராமல் பிடித்து வைக்க வேண்டிய பேஜ்களை, அப்படிப் பிடிப்பதற்கு முன்பே கர்னல் மூவபிள் ஜோனிலிருந்து வெளியே நகர்த்திவிடுகிறது. குறுகிய காலத்துக்குப் பிடித்து வைத்த பேஜ்கள் அப்படியே இருக்கும், விடுபடும்வரை காத்திருக்க வேண்டும். நகர்த்திய பேஜ்களை வைக்க மற்ற இடத்தில் காலி மெமரி இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

உங்கள் கமாண்ட் திரும்பி வராததற்கு இதுதான் காரணம். நகரவே முடியாத பேஜைக் கண்டால் கர்னல் கையை விரித்துவிடும், ஆனால் 'இப்போது முடியவில்லை, அடுத்த முறை முடியலாம்' என்ற வகைப் பேஜ் என்றால் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், தானாக நிறுத்தாது. கண்ட்ரோல்-சி அடித்தால் நின்றுவிடும். ஸ்கிரிப்ட்டில் எழுதுகிறீர்கள் என்றால் டைம்அவுட் கமாண்டுக்குள் வைத்து எழுதுங்கள். பாதியில் நிறுத்துவதால் எதுவும் கெட்டுப்போகாது, பிளாக் பழையபடி ஆன்லைனிலேயே இருக்கும்.

அப்படியானால் கூட்டுகிற எல்லாவற்றையும் மூவபிள் ஜோனிலேயே போட்டுவிட்டால் என்ன? எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே.
– கிளவுட் இன்ஜினியர், பெங்களூரு

போடலாம், ஒரு நாள் மெமரி தீர்ந்தால் புரோகிராம்களைக் கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து டேட்டாபேஸைக் கொன்றுவிட்டுப் போகும், ஃப்ரீ கமாண்டில் 40 ஜிபி காலி என்று தெரியும். அந்த இரண்டையும் ஒரே திரையில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குழப்பம் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஜிபியில் பூட் ஆன விஎம், மேலே 60 ஜிபி, அத்தனையும் மூவபிள். ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் 64 பைட் குறிப்பேடு வேண்டும், ஸ்ட்ரக்ட் பேஜ் என்பார்கள். 1 ஜிபிக்கு 16 எம்பி. 60 ஜிபிக்கு 960 எம்பி. இது எங்கிருந்து வரும்? வழக்கமான அமைப்பில் பழைய 4 ஜிபியிலிருந்துதான், அதுவும் புதிய மெமரியில் ஒரு பைட் கூடக் கைக்கு வருவதற்கு முன்பே. மீதி 3 ஜிபி சொச்சத்தில்தான் கர்னல் கோட், ஸ்லாப், நெட்வொர்க் பஃபர், கர்னல் ஸ்டாக் எல்லாம். அந்த 60 ஜிபியைப் பயன்படுத்தும் புரோகிராம்களின் பேஜ் டேபிள்களும் இங்கேதான் வர வேண்டும், அவையும் நகர்த்த முடியாதவை. மேலே புரோகிராம் வளர வளரக் கீழே இந்த 3 ஜிபி இறுகிக்கொண்டே போகும்.

மூவபிளுக்கும் கர்னலுக்கும் 3:1 விகிதம், போனால் 4:1, அதுவரைக்கும் பொதுவாகத் தாங்கும் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. மேலே சொன்ன உதாரணம் 15:1. 2021-ல் ஆட்டோ மூவபிள் என்ற ஒரு கொள்கையைச் சேர்த்திருக்கிறார்கள், அதைத் தேர்ந்தெடுத்தால் விகிதத்தைப் பார்த்து எந்த ஜோன் என்று கர்னலே முடிவு செய்யும், வழக்கமான எல்லை 301 சதவீதம். அதே ஆண்டு வந்த இன்னொன்று மெம்மேப் ஆன் மெமரி என்ற பூட் ஆப்ஷன், புதிய மெமரியின் குறிப்பேட்டை அந்தப் புதிய மெமரியிலேயே வைத்துக்கொள்வது. எல்லா அமைப்பிலும் அது வேலை செய்யாது, ஆனால் செய்கிற இடத்தில் அந்த 960 எம்பி பழைய இடத்திலிருந்து போகாது. என்னைக் கேட்டால், திரும்ப எடுக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் மெமரியைக் கூட்டுவார்கள், எடுப்பதே இல்லை. அங்கே நார்மல் ஜோனே போதும்.

எங்கள் நிறுவனத்தில் கர்னலின் ஹாட்பிளக் பகுதிக்கு உள் ஆவணம் எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. கோட் படிக்கத் தெரியும், ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஃபைல் ஃபைலாக எடுத்து, எது என்ன செய்யும் என்று எழுதினால் போதாதா?
– தொழில்நுட்ப எழுத்தாளர், கோவை

இந்தக் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது, இந்த வேலையை ஒருவர் பயத்தோடு அணுகுகிறார் என்பதே நல்ல விஷயம்.

போதாது. ஃபைல் ஃபைலாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கிலும் ரிமூவபிள் என்ற ஃபைல் உண்டு. பெயரைப் பார்த்தால் 'இந்த பிளாக்கை எடுக்கலாமா' என்பதற்குப் பதில் சொல்லும் என்று தோன்றும், ஆரம்பத்தில் அதற்காகத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தப் பதில் எப்போதும் ஊகம்தான், நீங்கள் படித்து முடிப்பதற்குள் கர்னல் அந்த பிளாக்கில் ஒரு பேஜை எடுத்துக்கொண்டிருக்கலாம். 1 என்று சொன்ன பிளாக் நகராது, 0 என்று சொன்னது நகர்ந்துவிடும். 2020-ல் அந்தச் சோதனையையே எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ஃபைலில் 1 என்று இருந்தால் இந்தக் கர்னலில் ஆஃப்லைன் செய்யும் வசதி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள், எல்லா பிளாக்கிலும் அதே 1. ஃபைலைத் தூக்கவும் முடியாது, பழைய புரோகிராம்கள் அதைத் தேடும். 'ரிமூவபிள்: பிளாக்கை நீக்கலாமா எனக் காட்டும்' என்று நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டால், அதை நம்பி ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதுவார். அந்த வரி இலக்கணப்படி சரி, பெயரோடும் பொருந்துகிறது, ஆனால் பொய்.

அதனால் என் யோசனை, தோல்வியிலிருந்து தொடங்குங்கள். மேலே புதுச்சேரி வாசகர் கேட்டாரே, அந்தக் கேள்வியோடுதான் உங்கள் வாசகர் வருவார், ராத்திரி இரண்டு மணிக்கு. ஆஃப்லைன் எப்போதெல்லாம் தோற்கும், தோற்றால் என்ன எரர் வரும், மெமரி எந்த நிலையில் இருக்கும், முடிவில்லாமல் ஓடினால் எப்படி நிறுத்துவது, இந்த நான்கும் முதல் இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். சேர்த்தல் வேறு, ஆன்லைன் ஆக்குவது வேறு என்பதை அதற்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். கோட் எதைச் செய்கிறது என்பதைவிட, எதை உறுதியாகத் தருவதில்லை என்பதை எழுதுவதுதான் இங்கே கஷ்டம், ஏனென்றால் அது கோடில் எந்த வரியிலும் எழுதியிருக்காது. எழுதியவர்களிடம் போய்க் கேட்க வேண்டும், தோற்க வைத்துப் பார்க்க வேண்டும்.

கர்னலின் சொந்த ஆவணமே இப்படி வளர்ந்ததுதான். 2007-ல் ஃபுஜிட்சு இன்ஜினியர்கள் எழுதிய ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் அது. அட்மினுக்கு வேண்டியதும், டிரைவர் எழுதுபவருக்கு வேண்டியதும், இனிமேல் செய்ய வேண்டியதும் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஆனாலும் அது இருந்ததால்தான் பல வருடம் பலர் பிழைத்தோம், அந்த நன்றி எனக்கு உண்டு. 2018-ல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். மெஷினை நடத்துபவர்களுக்கானது அட்மின் கைடுக்குப் போனது, கர்னலுக்குள் கோட் எழுதுபவர்களுக்கான நோட்டிஃபையர், லாக் விவரமெல்லாம் கோர் ஏபிஐ பக்கம் போனது. 2021-ல் ரெட் ஹேட்டைச் சேர்ந்த டேவிட் ஹில்டன்பிராண்ட் அட்மின் பக்கத்தை முழுவதுமாக மாற்றி எழுதினார். ஹாட்பிளக் கோடை நாளும் பராமரிக்கிறவர் அவர், மூவபிள் ஜோன் எங்கே காலை வாரும், ஆஃப்லைன் ஏன் தோற்கும் என்பதையெல்லாம் தனித்தனிப் பகுதியாக வைத்தார். உங்கள் உள் ஆவணத்துக்கு இதே பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் அட்மினையும் டெவலப்பரையும் உட்கார வைத்தால் இருவரும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

ஃபைல்களின் அகராதி வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது, கர்னலில் டாக்குமெண்டேஷன் டைரக்டரிக்குள் பைனரி இண்டர்ஃபேஸுக்கான தனி டைரக்டரி. சிஸ்எஃப்எஸ் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, எப்போது வந்தது, என்ன மதிப்புகள் எடுக்கும் என்று. உங்கள் ஆவணத்தில் அது கடைசியில் ஒரு பின்னிணைப்பாக இருக்கட்டும். எண்களை எழுதும்போது மட்டும், இது பதின்மமா பதினாறடிமானமா என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லிவிடுங்கள், சென்னை வாசகருக்கு நான் எழுதியதைப் பார்த்தீர்கள் அல்லவா.

டிரைவர் எழுதுகிறேன். மெமரி போகப்போகிறது என்று கர்னல் முன்கூட்டியே சொல்லுமா?
– டெவலப்பர், யாழ்ப்பாணம்

சொல்லும். மெமரி நோட்டிஃபையரில் பதிவு செய்துகொண்டால் உங்கள் ஃபங்ஷன் கூப்பிடப்படும். ஆன்லைன் பக்கம் மூன்று செய்தி, ஆஃப்லைன் பக்கம் மூன்று: 'போகப்போகிறது', 'ரத்தாகிவிட்டது', 'போய்விட்டது' என்று. கவனிக்க வேண்டியது 'கோயிங் ஆஃப்லைன்'. அது வரும் நேரத்தில் அந்த வரம்பிலிருந்து புதிதாக யாருக்கும் மெமரி கிடைக்காது, ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்கள் இன்னும் வைத்திருப்பார்கள். உங்களிடம் அங்கே ஏதாவது இருந்தால் அப்போதே விட்டுவிடுங்கள். விட முடியாதென்றால் 'நோட்டிஃபை பேட்' என்ற மறுப்பைத் திருப்பி அனுப்பலாம், ஆஃப்லைன் அங்கேயே நின்றுவிடும். ஆர்ம்64 கட்டமைப்பு இதைத்தான் செய்கிறது, பூட் ஆகும்போதே இருந்த மெமரியை யாராவது ஆஃப்லைன் ஆக்கப் பார்த்தால் நோட்டிஃபையரிலேயே தடுத்துவிடும்.

'ரத்து' செய்திக்கும் கோட் எழுத மறக்காதீர்கள். தயாரானதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி பலருடைய டிரைவரில் ஒரு முறைகூட ஓடிப் பார்க்கப்படாமல் கிடக்கிறது. உங்கள் டிரைவரே மெமரியைச் சேர்க்கவும் நீக்கவும் செய்கிறது என்றால் டிவைஸ் ஹாட்பிளக் லாக், மெம் ஹாட்பிளக் லாக் இரண்டின் வரிசையையும் கோர் ஏபிஐ பக்கத்தில் படித்துவிட்டுத் தொடங்குங்கள், மாற்றிப் பிடித்தால் சிஸ்எஃப்எஸ் பக்கமிருந்து வருபவரோடு முட்டி டெட்லாக் ஆகும், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றுவிடுவார்கள்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய லேப்டாப். இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க வழி உண்டா? ஆவணத்தில் தவறு கண்டுபிடித்தால் நானும் திருத்தி அனுப்ப முடியுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

இரண்டுக்கும் முடியும். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஇஎம்யூ என்ற மென்பொருள் போதும். விஎம்மைத் தொடங்கும்போது மெமரி ஆப்ஷனில் வெறும் அளவோடு நிறுத்தாமல் ஸ்லாட் எண்ணிக்கையும், அதிகபட்ச மெமரியும் சேர்த்துக் கொடுங்கள், 1 ஜிபி, 4 ஸ்லாட், அதிகபட்சம் 4 ஜிபி என்று வைத்தால் பழைய லேப்டாப்பும் தாங்கும். பிறகு க்யூஇஎம்யூ மானிட்டரில் முதலில் ஒரு மெமரி பேக்எண்ட் ஆப்ஜெக்ட், அதன் மேல் பிசி-டிம் என்ற டிவைஸ், இந்த வரிசையில் சேர்த்தால் உள்ளே இருக்கும் கர்னல் புது ரேம் வந்ததாக நம்பும். எல்எஸ்மெம் போட்டுப் பாருங்கள். பாதி பிளாக்கை நார்மலிலும் பாதியை மூவபிளிலும் ஆன்லைன் ஆக்கி, பெரிய கர்னல் கம்பைல் ஒன்றை உள்ளே ஓடவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் ஆஃப்லைன் ஆக்கிப் பாருங்கள். எது போகிறது, எது போகவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 2020-ல் 5.8 கர்னலில் வந்த விர்ட்டியோ-மெம் இன்னும் சிறிய துண்டுகளாக மெமரியைக் கூட்டிக் குறைக்கும், பிசி-டிம் பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.

திருத்தம் அனுப்புவதற்குப் பெரிய டெவலப்பராக இருக்க வேண்டியதில்லை. ஆவணமும் கோட் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில்தான் இருக்கிறது, ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் வடிவில். திருத்திவிட்டு மேக் எச்டிஎம்எல்டாக்ஸ் ஓட்டிப் பாருங்கள், ஆவணத்தை வலைப்பக்கமாக்கும் ஸ்ஃபிங்ஸ் ஏதாவது எச்சரிக்கை சொன்னால் சரி செய்யுங்கள். செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டையும் ஒரு தடவை ஓட்டுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லிவிடும், மெமரி மேனேஜ்மெண்ட் பக்கத்தினரும் ஆவணப் பக்கத்தினரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். சைன்ட்-ஆஃப்-பை வரியில் உங்கள் பெயர் வேண்டும். எதை மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்று விளக்கத்தில் எழுதுங்கள், க்யூஇஎம்யூவில் எந்தக் கர்னல் பதிப்பில், எந்த பிளாக்கில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து. ஒரு வாரம் பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம், பணிவாக ஒரு நினைவூட்டல் போடுங்கள்.

புதுச்சேரி வாசகருக்கு மறுபடியும் ஒன்று: நகராமல் நின்ற பிளாக்கின் எண்ணையும், வேலிட் ஜோன்ஸ் என்ற ஃபைலில் அதற்கு என்ன இருக்கிறது என்பதையும், டிமெஸ்ஜில் விழுந்த அந்தச் சில வரிகளையும் அனுப்புங்கள். ரீபூட்டுக்கு முன்னால் எடுத்து வையுங்கள், பிறகு கிடைக்காது.